பதுளை என்பது பிழையா?

சிங்களத்தில் 'பதுல்ல'. நாம் சொல்வது 'பதுளை'. "சேர், நாங்க பிழையாச் சொல்றமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பிழையே இல்லை. அகரத்தில் முடியும் சிங்கள ஊர்ப்பெயரைத் தமிழ் நாக்கு ஐகாரமாக்கிக்கொள்ளும். பஸ்ஸர பசறை ஆனது. லுணுகல லுணுகலை ஆனது. ஏகாரத்தில் முடியும் ஹப்புத்தலேயும் அப்புத்தளை ஆனது. தோட்டத்து மக்களும் நகரத்து முஸ்லிம்களாகிய நாமும் இந்தப் பெயர்களைத்தான் சொல்கிறோம்.

தோட்டங்களின் கதை வேறு. அவற்றுக்குத் துரைமார் ஆங்கிலப் பெயர் சூட்டினார்கள். பண்டாரவளைப் பக்கம் ஐஸ்லபி தோட்டம் இருக்கிறது. இங்கிலாந்தின் யோர்க்ஷயரிலும் ஐஸ்லபி என்றொரு கிராமம் உண்டு. அந்தப் பெயரை முகவரியாக எழுதிய மக்களில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. மிஞ்சியிருந்தோருக்கு 2003இல்தான் வழி பிறந்தது. இன்றும் பல லயன் வீடுகளுக்குத் தனி இலக்கமில்லை. கடிதம் தோட்டத்துப் பெயரில்தான் வருகிறது.

சட்டம் கைவிட்ட காலத்திலும் நம் மக்கள் தோட்டங்களுக்கும் மலைகளுக்கும் தாங்களே தமிழ்ப் பெயர் வைத்து அழைத்தார்கள். அவற்றில் பல வரைபடங்களில் இல்லை. பெரியவர்களின் வாயில் இருக்கின்றன. அவர்களோடு போய்விடும் முன் எழுதி வைப்போம்.

உங்கள் தோட்டத்தை உங்கள் அம்மாச்சி எப்படிச் சொல்வார்? கீழே எழுதுங்கள்.