காத்தவர் திருவடி

கல்வெட்டுகளோடு பழகியவர்கள் அவற்றின் இறுதி வரிகளில் ஓர் அரிய பணிவைக் கண்டிருப்பர். மன்னனோ வணிகனோ ஊர்ச்சபையோ, கோயில் விளக்குக்கு ஆடுகளையும் ஏரிக்கு நிலத்தையும் அளித்த செய்தியைக் கல்லில் வெட்டி வைப்பர். ஈற்றில், இந்த அறத்தை அழிப்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று எச்சரிப்பர். அத்துடன் நில்லாது, இதனைக் காப்பவனுடைய திருவடி தம் தலைமேல் இருக்கும் என்றும் எழுதுவர். ஆணையிடும் வல்லமை படைத்தோர், தாம் மறைந்து பல தலைமுறை கழித்துப் பிறக்கப்போகும் பெயர் தெரியாத ஒருவனுக்கு முன்கூட்டியே தலைவணங்கிச் சென்றனர். கல் தன்னைத்தானே காத்துக்கொள்ளாது. ஆணையும் ஆட்சியோடு முடிந்துவிடும். பின்னொரு நாள் எவனோ ஒருவன் மனமுவந்து முன்வந்தாலன்றி எதுவும் நிலைக்காது. இதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அவ்வாறு மனமுவந்து முன்வருவோர் இன்றும் உளரா? உளரெனில் அவர்கள் செய்யும் பணி யாது? இவ்வினாக்களை, திருப்பெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை விரிந்து கிடக்கும் தொழிற்பேட்டைப் பகுதியை முன்னிறுத்தி எண்ணிப் பார்ப்பது நன்று. தமிழகத்தில் மண் இவ்வளவு விரைவாக உருமாறிய இடங்கள் மிகச் சிலவே.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து ஆலைக்கு 1996இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1998இல் அங்கிருந்து வண்டிகள் வெளிவந்தன. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறக்கப்பெற்றது. அடுத்தடுத்துப் பிற ஆலைகளும் எழுந்தன. ஏரிக்கரையும் புன்செய்யும் முட்காடுமாய்க் கிடந்த நிலத்தில் ஆறுவழிச் சாலையும் உயர்ந்த மதில்களும் தோன்றின. ஆயிரமாயிரம் குடும்பங்களின் அடுப்பு இதனால் எரிகிறது என்பதை மறுப்பது நன்றி மறத்தலாகும். நம் பங்கு மக்களுள்ளும் பலர் அவ்வாலைகளின் சீருடை அணிந்து உழைப்பவரே. ஆலை வந்ததில் நமக்குக் குறையில்லை. வருமுன் அந்நிலத்தை நாம் அழைத்த பெயர்தான் நம்மை உறுத்துகிறது. ‘தரிசு’ என்றோம், ‘புறம்போக்கு’ என்றோம், ‘வெற்றிடம்’ என்றோம். அது வெற்றிடமன்று.

இப்பகுதிக்குக் கிழக்கே உள்ள பல்லாவரத்தில்தான் 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நிலவியல் துறையில் பணிபுரிந்த இராபர்ட் புரூஸ் பூட் என்பவர் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். இந்திய வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் பற்றிய ஆய்வு அந்தக் கல்லிலிருந்தே தொடங்கியது எனலாம். அவருக்கு ஊதியம் தரப்பட்டது பாறைகளையும் கனிமங்களையும் ஆராய்வதற்கு. கற்கருவிகளைத் தேடியது அவருடைய சொந்த ஆர்வம். அவ்வாறு வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் பெற்றுக்கொண்டது.

பழைய திருப்பெரும்புதூர் வட்டத்தைச் சேர்ந்த குன்னத்தூரில் 1950களின் நடுவில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, கற்களை வட்டமாக அடுக்கி இறந்தோரைப் போற்றிய பெருங்கற்காலத்தவரின் ஈமச்சின்னங்கள் வெளிப்பட்டன. ஊர் மக்கள் ‘பாண்டவர் குழி’ என்று வழங்கும் இத்தகைய கல்வட்டங்கள் பழைய செங்கற்பட்டு மாவட்டமெங்கும் பரந்து கிடந்தன. மணிமங்கலமோ, பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் ஒன்று எனக் கூரம் செப்பேட்டால் அறியப்படும் ஊர். முதலாம் இராசாதிராசன், வீரராசேந்திரன் முதலிய சோழ மன்னர்களின் கல்வெட்டுகளும் அங்குள்ளன. திருப்பெரும்புதூரோ 1017ஆம் ஆண்டு இராமாநுசர் பிறந்த பதி.

இவற்றுக்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல், ஒரகடத்திற்கு அருகே உள்ள வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு மேற்கொண்டது. இடைக் கற்காலக் கருவிகளும், உரோமானியச் சாடிகளின் ஓடுகளும், பொன்னணிகளும் அங்கே கிடைத்தன. ஏற்றுமதிக்கென மகிழுந்துகள் துறைமுகம் நோக்கிச் செல்லும் இதே வட்டாரத்திற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கடல் கடந்த சாடிகள் வந்து சேர்ந்திருக்கின்றன. உலகோடு வணிகம் செய்வது இம்மண்ணுக்குப் புதிதன்று.

இவற்றைக் காக்கச் சட்டம் இல்லையா எனில், உண்டு. 1958ஆம் ஆண்டின் நடுவண் அரசுச் சட்டம் உண்டு. 1966ஆம் ஆண்டின் தமிழக அரசுச் சட்டம் உண்டு. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நடுவண் அரசால் பாதுகாக்கப்படும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் எழுப்பத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உண்டு. எனினும் இச்சட்டங்கள் பட்டியலில் ஏறிய சின்னங்களையே காக்கும். பட்டியலில் ஏற வேண்டுமாயின், அங்கே ஒன்று இருக்கிறதென்று எவரேனும் முதலில் கண்டு சொல்ல வேண்டும். சொல்லப்படாத கல்வட்டம், மண் அள்ளும் இயந்திரத்தின் கண்ணுக்கு வெறுங்கற்குவியலே. அதனை அழிப்பதற்கு ஒரு முற்பகல் போதும். ஆக, சட்டம் தொடங்கும் இடத்திற்கு முன்னரே ஒருவருடைய பணி தொடங்கியாக வேண்டும். அந்த ஒருவருக்கு எந்த அலுவலகத்திலும் இருக்கை கிடையாது.

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே அத்தகையோரைக் காண்கிறோம். கொற்றவை ஆதன் என்பாரைத் தலைவராகக் கொண்ட உத்திரமேரூர் வரலாற்று ஆய்வு மையம் அவற்றுள் ஒன்று. மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் வயல்வெளிகளிலும் புதர்களிடையிலும் கவனிப்பாரின்றிக் கிடக்கும் சிற்பங்களையும் நடுகற்களையும் தேடிக் கண்டு நாளிதழ்கள் வாயிலாக ஊரறியச் செய்வது இம்மையத்தின் தொண்டு. இத்தகைய குழுக்களின் வேலை முறை எளியது. பொறுமையை மட்டும் மிகுதியாகக் கேட்பது. ஊர்ப் பெரியவரிடமும் ஆடு மேய்ப்பவரிடமும் கேட்டறிவர், சென்று பார்ப்பர், அளந்து படமெடுப்பர், எழுத்திருந்தால் ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றி மைப்படி எடுக்கச் செய்வர், கற்றறிந்தாரிடம் காட்டித் தெளிவர், அதன்பின் அரசுக்குத் தெரிவிப்பர். இறுதியாக, அந்த ஊராரிடமே திரும்பிச் சென்று அது இன்னதென்று விளக்குவர். இந்தக் கடைசிச் செயலே முதன்மையானது என்பது நம் கருத்து. துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது எட்டு நூற்றாண்டுக்கு முந்தைய ஊர்த் தீர்மானம் என்று அறிந்த பெண்மணி, மறுநாள் அதன்மேல் துணி துவைக்க மாட்டார். அன்று முதல் அக்கல்லுக்கு ஒரு காவலர் வாய்த்துவிட்டார்.

அதே உத்திரமேரூரில் உள்ள கைலாசநாதர் கோயில் மற்றொரு சான்று. சிதைந்து செடி முளைத்துக் கிடந்த அப்பழங்கோயிலைச் சீர்செய்யும் பணியை ரீச் அறக்கட்டளை மேற்கொண்டது. இந்தியத் தொல்லியல் துறையில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற சத்தியமூர்த்தி அவர்களின் வழிகாட்டுதலில், ஆர்வலர்கள் கூடிய அமைப்பு அது. சிமெண்டைப் பூசி விரைவில் முடித்துவிடாமல், பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்தைக் கொண்டே செங்கல் தளங்களை அவர்கள் சீர்செய்தனர். சுண்ணாம்புக் கட்டடம் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமெண்ட் அதனை உள்ளேயே அடைத்துப் பழஞ்செங்கல்லை உளுத்துப்போகச் செய்யும். திருப்பணி என்ற நல்ல பெயரால் கல்வெட்டின்மேல் வண்ணம் பூசுவதும், மணலை வீசிக் கல்லைத் துலக்கி எழுத்தைத் தேய்ப்பதும் எத்தனை ஊர்களில் நிகழ்ந்துள்ளன! அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்கு இப்பணி ஒரு பாடம்.

இன்னும் சற்றுத் தொலைவில் நோக்கினால், திருச்சிராப்பள்ளியில் கண் மருத்துவர் இரா. கலைக்கோவன், தம் தந்தையார் மா. இராசமாணிக்கனார் பெயரால் 1982இல் வரலாற்றாய்வு மையம் நிறுவினார். மருத்துவத் தொழிலை நடத்திக்கொண்டே கோயில் கோயிலாகச் சென்று படியெடுத்தார். 1991 முதல் தமிழகத் தொல்லியல் கழகம் வெளியிட்டுவரும் ‘ஆவணம்’ இதழில், பேராசிரியர்களோடு சிற்றூர் ஆர்வலர்களும் தாம் கண்ட கல்வெட்டுகளைப் பதிவு செய்கின்றனர். கீழடியில் 2014இல் அகழாய்வு தொடங்குவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மண்ணிலிருந்து வெளிப்பட்ட பழம்பொருள்களைச் சேர்த்து வைத்து எடுத்துரைத்து வந்தார். மருத்துவர், ஆசிரியர், ஓய்வுபெற்ற அலுவலர் ஆகிய இவர்களை இப்பணிக்கு யாரும் அமர்த்தவில்லை.

ஊர்ப்பணிக்குத் தலைமை ஏற்பது எங்ஙனம் என்பதற்கு இம்மாவட்டத்தின் கல்லே இலக்கணம் கூறுகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளை ஒட்டி வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றில் ஒருவர் பணியாற்றும் காலம் 360 நாள் மட்டுமே. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வர இயலாது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஏதும் அறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வர். அச்சபையில் மகளிருக்கும் நிலமற்றோருக்கும் இடமில்லை என்ற குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. அக்குறை இன்றைய குழுக்களில் தீரக்கூடியது. ஆயினும் கணக்கும் கால எல்லையும் வேண்டும் என்ற நெறி இன்றும் பொருந்தும். ஒருவரையே நம்பி நிற்கும் குழு, அவர் முதுமையடைந்ததும் தளர்ந்துவிடுகிறது. அவர் சேர்த்த படங்களும் குறிப்பேடுகளும் பழைய தாள் வணிகரின் தராசுக்குப் போய்விடுகின்றன. தமக்குப் பின் வரும் இளைஞரை உருவாக்காத காவலர் பாதியே காத்தவர்.

வேறு சில இடர்களும் உள்ளன. ஆர்வமிகுதியால் தாமே தோண்டிப் பார்ப்பது பெருந்தவறு. எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்ற செய்தி போனால், கையில் எஞ்சுவது ஊமைப் பொருளே. அகழ்வது முறையாகப் பயின்று அரசின் இசைவு பெற்றோருக்கு உரியது. மண்ணில் புதையல் கண்டால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கிறது. மேலும், கிடைத்ததையெல்லாம் தம் குலத்திற்கோ தம் சமயத்திற்கோ உரிய பெருமையாக்கும் ஆசையும் வரும். கல்வட்டத்தின்கீழ் உறங்குவோர் நம் சமயப் பிரிவுகள் எவற்றையும் அறியாதவர். ஆகவே அவர்கள் நம் எல்லாருக்கும் முன்னோர்.

பொதுநிலையினராகிய நம் வாசகர்கள் இப்பணியில் அந்நியர் அல்லர். யோர்தானைக் கடந்தபின் யோசுவா பன்னிரண்டு கற்களை நாட்டியது, பின்னாளில் பிள்ளைகள் அவற்றைப் பற்றிக் கேட்பார்கள் என்பதற்காகவே. கல்லை நாட்டினால் மட்டும் போதாது. கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்லத் தெரிந்த பெற்றோரும் வேண்டும். ஆலை வேலையின்பொருட்டு வெளியூரிலிருந்து வந்து இப்பகுதியில் குடியேறியோர் பலர். அவர்தம் பிள்ளைகளுக்கு வாடகை வீட்டுக்கு அப்பால் உள்ள ஏரியின் பெயர்கூடத் தெரியாமல் போகலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை அவர்களை மணிமங்கலத்திற்கோ அருகிலுள்ள பழைய ஏரிக்கரைக்கோ அழைத்துச் செல்வது பெருஞ்செலவன்று. அவ்வாறே நம் ஆலயங்களின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளும், கல்லறைத் தோட்டத்து எழுத்துப் பொறித்த கற்களும், பழங்கோயிலை இடித்துப் புதிது கட்டுமுன் எடுக்க வேண்டிய படங்களும் நம் கண்காணிப்பை வேண்டி நிற்கின்றன. முதலில் அவற்றுக்கு ஒரு பட்டியலாவது எழுதி வைப்போம்.

திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014இல் மூடப்பெற்றது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் பணிபுரிந்த அவ்வாலையின் வாழ்வு எட்டே ஆண்டுகள். அங்கு உழைத்தோரின் அடையாள அட்டைகளும் படங்களும் நினைவுகளும் இன்று யாரிடம் உள்ளன? கல்வட்டம் எழுப்பியவர் மட்டுமல்லர். நேற்றுப் பணிமுடிந்து வீடு திரும்பிய தொழிலாளியும் வரலாற்றுக்கு உரியவரே. அவரையும் எழுதி வைக்க ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் எங்கிருந்து வருவார் என்பது பழங்கல்வெட்டை வெட்டுவித்தோருக்கும் தெரியாது. தெரியாமலேதான் அவர்கள் தலைவணங்கினர். ஆயிரம் ஆண்டுகளாக அந்த வணக்கம் தனக்கு உரியவரை எதிர்நோக்கியிருக்கிறது. அதைப் பெறுவதற்குப் பட்டமோ பதவியோ தேவையில்லை. தான் வாழும் ஊரின் ஒரு கல்லைப் பற்றியேனும் அறிந்து, காலம் கடக்குமுன் அதை உரியவரிடம் எடுத்துச் சொல்லும் துணிவு போதும்.