மேம்பாலம் இல்லாத ரோடு

இந்த எபிசோடு ஒரு ரோட்டைப் பத்தினது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், ஆற்றை ஒட்டியே காட்டுக்குள் வளைஞ்சு வளைஞ்சு போகிற ரெண்டு லேன் ரோடு. பெயர் ஹைவே 12. இந்த ரோட்டில் எவ்வளவு பெரிய சுமை போகலாம் என்பதை வைத்து 2010-லிருந்து பல வருஷம் சண்டை நடந்தது. பெரிய எண்ணெய் கம்பெனிகள் ஒரு பக்கம். ரோட்டோரம் குடியிருந்தவர்களும் ஒரு பழங்குடி அரசும் இன்னொரு பக்கம். நடுவில் கோர்ட்டு.

முதல்ல சைஸைச் சொல்லிடறேன். 2013 ஆகஸ்டில் இந்த ரோட்டில் ஏறின ஒரு சுமையின் நீளம் 255 அடி. டவுன் பஸ் ஆறை வரிசையா நிறுத்தினாலும் அந்த நீளம் வராது. அகலம் 21 அடி, உயரம் 23 அடி. எடை 6,44,000 பவுண்டு, அதாவது 290 டன்னுக்குக் கொஞ்சம் மேல. அதில் இருந்தது எவாப்பரேட்டர் என்கிற, தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஒரு ராட்சதக் கருவி. போக வேண்டிய இடம் கனடாவின் ஆல்பர்ட்டா. அந்த ஊர்க்காரங்க இந்த மாதிரிச் சுமைக்கு வெச்ச பேர் 'மெகாலோட்'.

சரி, இதெல்லாம் ஏன் இப்படி முழுசா போகணும்?

ஆல்பர்ட்டாவின் வடக்கில் மணலோடு கலந்து, தார் மாதிரி கெட்டியாக எண்ணெய் கிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்க ஒரு சின்ன ஊர் அளவுக்குத் தொழிற்சாலை கட்ட வேண்டும். குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகிற இடம். அந்தக் குளிரில் ஒவ்வொரு பைப்பாக வெல்டிங் செய்து கட்டுவது சுலபமில்லை. அதனால் எக்ஸான்மொபில் பெரும்பங்கு வைத்திருக்கும் இம்பீரியல் ஆயில் கம்பெனி, தன்னுடைய கெர்ல் திட்டத்துக்கு வேண்டியதைத் தென் கொரியாவில் பெரிய பெரிய மாட்யூல்களாகச் செய்து வாங்கியது. 200-க்கும் மேற்பட்ட மாட்யூல்களை ஹைவே 12 வழியாகக் கொண்டுபோவதாகத் திட்டம். நம்ம வேலை மாதிரியேதான்: ஒரு இடத்தில் பில்ட் பண்ணி, அங்கேயே டெஸ்ட் பண்ணி, சைட்டுக்குக் கொண்டுபோய்ப் பொருத்துவது. ஆனா நாம டிப்ளாய் பண்ற கோடுக்கு நீளம், அகலம், உயரம் கிடையாது. இதுக்கு உண்டு.

கொரியாவிலிருந்து பசிபிக் கடலைத் தாண்டி வரும் சரக்கு, கொலம்பியா ஆற்றுக்குள் நுழைந்து, அங்கிருந்து ஸ்னேக் ஆற்றில் ஏறி, லூயிஸ்டன் என்கிற ஊருக்கு வரும். லூயிஸ்டன் ஒரு துறைமுகம். ஆனா கடல் எங்கே இருக்கு தெரியுமா? 465 மைல் தள்ளி! ரெண்டு ஆறுகளிலும் சேர்த்து எட்டு அணைகள். ஒவ்வொரு அணையிலும் படகை மேலே ஏற்றிவிடும் நீர்ப்பூட்டு. கடைசி அணையான லோயர் கிரானிட் 1975-ல் தயாரான பிறகுதான் மலையடிவாரத்து ஊர் ஒன்று துறைமுகம் ஆனது.

அடுத்தது ரோடு. அகலமான இன்டர்ஸ்டேட் ஹைவேக்கள் பக்கத்திலேயே இருந்தன. ஆனா அவற்றின் மேம்பாலங்கள் பொதுவாக 16 அடி சொச்சம் உயரத்துக்குத்தான் வழி விடும். கெர்ல் மாட்யூல்களில் பெரியவை ட்ரெய்லரோடு சேர்த்து 30 அடி உயரம், 24 அடி அகலம். இன்டர்ஸ்டேட் அங்கேயே அவுட். ஹைவே 12 குறுகலானது, வளைவு அதிகம், ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஆறு. ஆனா அந்த மலைப்பகுதியில் குறுக்கே மேம்பாலம் கிடையாது. தலைக்கு மேல வானம்தான். வழி தேடுற எந்த அல்காரிதமும் உயரத்தை மட்டும் கன்ஸ்ட்ரெயின்ட்டா எடுத்துக்கிட்டா, நேரா இந்த ரோட்டைத்தான் காட்டும்.

எடையைச் சமாளிக்கிறது வேற கணக்கு. ஒரு பாலம் தாங்குமா தாங்காதா என்பதை மொத்த எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த எடை எத்தனை அச்சுகளில், எவ்வளவு நீளத்துக்குப் பரவி இருக்கிறது என்பதும் முக்கியம். அதனால்தான் ட்ரெய்லர்கள் அவ்வளவு நீளம். அதன் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன், ரோடு ஏறி இறங்கினாலும் எல்லா அச்சுக்கும் எடையைச் சமமாகப் பிரித்துத் தரும். முன்னாடி ஒரு டிரக் இழுக்கும், பின்னாடி இன்னொன்று தள்ளும். சுமை ரெண்டு லேனையும் அடைச்சுக்கிட்டுப் போகும் என்பதால் பயணம் ராத்திரியில்தான். மற்ற வண்டிகளை 15 நிமிஷத்துக்கு மேல் காக்கவைக்கக் கூடாது என்று ஐடஹோ அரசு விதி போட்டது. அந்த 15 நிமிஷத்தைக் காப்பாற்ற, வழியில் ஒதுங்கி நிற்க இடங்கள் வேண்டும். கிளைகளை வெட்ட வேண்டும். மின்கம்பிகளை உயர்த்த வேண்டும். போலீஸ் கூடவே வர வேண்டும்.

இதெல்லாம் இன்ஜினியரிங். நல்ல இன்ஜினியரிங் என்றே சொல்லுவேன். ஆனா அந்த ரோட்டில் ஆட்கள் இருந்தாங்க.

முதலில் வந்தது கெர்ல் மாட்யூல் இல்லை. கோனகோபிலிப்ஸ் கம்பெனி, மொன்டானாவில் பில்லிங்ஸ் என்கிற ஊரில் இருந்த தன் சுத்திகரிப்பு ஆலைக்கு, ஜப்பானில் செய்த ரெண்டு ராட்சத டிரம்களை நாலு சுமையாகப் பிரித்து 2010-ல் லூயிஸ்டனுக்குக் கொண்டுவந்தது. ரோட்டோரம் வாழ்ந்தவர்கள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்கள் கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்வி: ராத்திரி ஒருத்தருக்கு நெஞ்சுவலி வந்தா ஆம்புலன்ஸ் எப்படி வரும்? அந்த மலையில் அவர்களுக்கு வேறு ரோடு கிடையாது. கீழ்க் கோர்ட்டு பெர்மிட்டை ரத்து செய்தது. நவம்பரில் ஐடஹோ சுப்ரீம் கோர்ட்டு, இதை விசாரிக்கும் அதிகாரம் கீழ்க் கோர்ட்டுக்கு இல்லை என்று அந்த உத்தரவைத் தள்ளுபடி செய்தது. திரும்பவும் பெர்மிட் கிடைத்து, 2011 பிப்ரவரியில் முதல் டிரம் கிளம்பியது.

அந்த ஏப்ரலில் எக்ஸான் ஒரு டெஸ்ட் சுமையை அனுப்பியது. ப்ரொடக்‌ஷனுக்கு முன்னாடி டெஸ்ட் ரன் மாதிரி. அது வழியில் ஒரு மின்கம்பத்தின் இழுவைக் கம்பியில் மாட்டி, அந்தப் பக்கத்து ஊர்களில் கரண்ட் போனது. மாநில எல்லையைத் தாண்டி மொன்டானாவுக்குள் போனதும் நின்றுவிட்டது. அங்கே மிசூலா மாவட்ட நிர்வாகமே, சுற்றுச்சூழல் ஆய்வு சரியாக நடக்கவில்லை என்று மாநிலப் போக்குவரத்துத் துறை மேல் கேஸ் போட்டிருந்தது. 2011-ல் கோர்ட்டு தடை விதித்தது.

இந்தக் கதையில் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற இடம் இதுதான். லூயிஸ்டனில் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்த 33 மாட்யூல்களை, கம்பெனி குறுக்கே வெட்டி, உயரத்தைக் குறைத்து, வேறு ஹைவே வழியாக அனுப்பியது! செலவு ஆகியிருக்கும், நேரம் போயிருக்கும். ஆனா முடிந்தது. அதாவது சைஸ் என்பது இயற்கை விதி இல்லை. கம்பெனி எடுத்த டிசைன் முடிவு. 'சுமை இவ்வளவு பெரிசு, அதனால ரோட்டை மாத்து' என்பதைத் திருப்பிப் போட்டு, 'ரோடு இவ்வளவுதான், அதனால சுமையை மாத்து' என்றும் சொல்லலாம். எதைச் சொல்வது என்பது, எதிர்க்க அங்கே யாராவது இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

இப்போ கொஞ்சம் பின்னாடி போகணும். அந்த ரோடு ஏன் அவ்வளவு காலியா இருந்தது? மலை செங்குத்து என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் 19-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது.

அது நெஸ் பர்ஸ் மக்களின் நிலம். அவர்கள் தங்களை அழைத்துக்கொள்வது 'நிமீபூ' என்று. 1855-ல் அமெரிக்க அரசோடு போட்ட ஒப்பந்தத்தில் சுமார் 75 லட்சம் ஏக்கர் அவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. வழக்கமாக மீன் பிடிக்கும் இடங்களில் எப்போதும் பிடிக்கலாம் என்ற உரிமையும் அதில் எழுதப்பட்டது. ஐந்தே வருஷத்தில் அங்கே தங்கம் கிடைத்தது. 1863-ல் இன்னொரு ஒப்பந்தம். நிலத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. அதை ஏற்காத குழுக்களை 1877-ல் ராணுவம் விரட்டியது. சீஃப் ஜோசப் உள்ளிட்ட தலைவர்கள் குழந்தைகள், முதியவர்களோடு லோலோ கணவாயைத் தாண்டி, கனடாவை நோக்கி ஆயிரம் மைலுக்கு மேல் போனார்கள். எல்லைக்கு 40 மைல் இருக்கும்போது சரணடைய வேண்டியதாயிற்று.

ஹைவே 12 அந்த லோலோ கணவாய் வழியாகத்தான் போகிறது. ரோடு முழுசாக முடிந்தது 1962-ல். 1968-ல் அமெரிக்கா ஆறுகளைப் பாதுகாக்கச் சட்டம் போட்டபோது, முதல் பட்டியலில் இருந்த எட்டு ஆறுகளில் ஒன்று, இந்த ரோட்டுக்குப் பக்கத்தில் ஓடும் கிளியர்வாட்டரின் நடுக்கிளை. சுமைகளை லூயிஸ்டன் வரை கொண்டுவந்த அதே அணைகள் சால்மன் மீனின் வழியையும் மறித்தன. ஸ்னேக் ஆற்றின் சாக்கை சால்மன் 1991-ல் அழியும் இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஒப்பந்தத்தில் மீன் உரிமை அப்படியே இருக்கு, மீன்தான் குறைஞ்சுபோச்சு.

இந்தப் பின்னணியோடு 2013 ஆகஸ்ட் 5 ராத்திரியைப் பாருங்க. காட்டிலாகாவுக்கு இந்த ரோட்டில் அதிகாரம் உண்டு என்று நீதிபதி லின் வின்மில் அந்த வருஷம் பிப்ரவரியிலேயே தீர்ப்பு சொல்லியிருந்தார். ஆய்வு முடியும்வரை இந்தச் சுமைகளுக்குச் சம்மதம் இல்லை என்று காட்டிலாகாவும் சொல்லியிருந்தது. அப்படியும் ஒமேகா மோர்கன் கம்பெனியின் ட்ரெய்லர், நான் ஆரம்பத்தில் சொன்ன எவாப்பரேட்டரோடு கிளம்பியது. பழங்குடி எல்லைக்குள் நுழையும் இடத்தில் மக்கள் ரோட்டில் நின்றிருந்தார்கள். அவர்களின் தலைவர் சைலஸ் விட்மனும் நிர்வாகக் குழுவினரும் முன்னால் நின்றார்கள். கைதானார்கள். அடுத்தடுத்த ராத்திரிகளிலும் போராட்டம் தொடர்ந்தது. ஒரு பழங்குடி அரசின் தலைவரே கைதாகிறார் என்றால், அது வெறும் டிராஃபிக் பிரச்சினை இல்லை.

அந்தச் சுமை கடைசியில் போய்விட்டது. ஆனா அடுத்தது போகவில்லை. பழங்குடி அரசும் ஐடஹோ ரிவர்ஸ் யுனைடெட் என்ற அமைப்பும் தொடர்ந்த வழக்கில், காட்டிலாகா பழங்குடி அரசோடு கலந்து பேசி ஆய்வை முடிக்கும்வரை அந்த நூறு மைலில் மெகாலோட் கூடாது என்று வின்மில் செப்டம்பரில் தடை விதித்தார். 2017-ல் சமரசம் ஏற்பட்டது. 16 அடிக்கு மேல் அகலம், 150 அடிக்கு மேல் நீளம் என்பவை அந்த ரோட்டின் வரம்புகளாக எழுத்தில் வந்தன.

அப்போ ஜெயிச்சாங்களா? நேர்மையாச் சொன்னா, பாதி. கெர்ல் திட்டம் 2013 ஏப்ரலிலேயே எண்ணெய் எடுக்க ஆரம்பித்துவிட்டது. அந்த டிசம்பரில் 376 அடி நீளச் சுமை ஒன்று ஒரிகன் மாநிலத்தின் உமட்டில்லா துறைமுகத்திலிருந்து வேறு வழியில் கிளம்பியது. அங்கேயும் பழங்குடி மக்கள் எதிர்த்தார்கள். லூயிஸ்டனில் இந்தச் சரக்கால் வேலை கிடைக்கும் என்று காத்திருந்தவர்களுக்கு அது நஷ்டம்தான். அவர்கள் பக்கத்து நியாயமும் பொய் இல்லை.

ஆனா ஒண்ணு மாறிச்சு. 2010-ல் ஸ்பெக்கில் இருந்த கன்ஸ்ட்ரெயின்ட் மேம்பாலம், பாலம், வளைவு, 15 நிமிஷம், இவ்வளவுதான். ஆறும், ஒப்பந்தமும், ரோட்டோரத்து வீடும் அதில் இல்லை; யாரும் கேட்காததால் இல்லை. ஏழு வருஷம் நின்று, வாதாடி, கைதாகி, ரெண்டு எண்களை அதில் எழுதவைத்தார்கள்: 16 அடி, 150 அடி. இனிமேல் கொரியாவிலோ ஜப்பானிலோ ஒரு இன்ஜினியர் இந்த வழியை மனசில் வைத்து மாட்யூல் வரைந்தால், முதல் கோடு போடும்போதே அந்த எண்கள் அவர் முன்னாடி இருக்கும்.

உங்க ஊர்ல துறைமுகத்திலிருந்து இப்படி ஒரு பெரிய சுமை போன ரோடு இருக்கா? அதுக்காக எந்த மரம் போச்சு, எந்தக் கடை நகர்ந்துச்சு, யார்கிட்ட கேட்டாங்க? தெரிஞ்சா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.