சேவையகத்தில் வழுக்காணல்



சொல்லில் நேரும் பிழையை நம் இலக்கண நூலார் வழு என்றனர். கணினிக்கு எழுதப்படும் நிரலில் நேரும் பிழைக்கும் இன்று அச்சொல்லே வழங்குகின்றது. நிரலை எழுதுதலினும் அதன் வழுவைக் காணுதலே அரிது.

ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினிமொழியை 1995ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பார் ஆக்கினார். இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவியினுள் இயங்குவதே அதன் முதற்பணி. அந்நாளில் நிரல் எழுதியோர் பலர், இடையிடையே சிறு செய்திகளைத் திரையில் தோன்றச் செய்து, பிழை நேர்ந்த இடத்தை ஊகித்தே அறிந்தனர். 2006இல் ஜோ ஹெவிட் வெளியிட்ட ஃபயர்பக் என்னும் கருவி இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. ஓடும் நிரலை வேண்டிய வரியில் நிறுத்தி, அக்கணத்தில் அதனுள் இருக்கும் மதிப்புகளைக் கண்ணாற் காண அஃது உதவிற்று.

2008இல் கூகிள் நிறுவனம் குரோம் உலாவியை வெளியிட்டது. அதனுள் நிரலை இயக்கும் பொறி வி8 எனப்படும். மறு ஆண்டிலே ரையன் டால் என்பார் அப்பொறியை உலாவியினின்றும் பிரித்தெடுத்து, நோட் என்னும் அமைப்பை உருவாக்கினார். அவ்வாண்டு நவம்பரில் பேர்ளின் நகரில் அதனை விளக்கியும் காட்டினார். உலாவிக்கென்று பிறந்த மொழி, பலருக்கும் தொலைவிலிருந்து பணிபுரியும் சேவையகத்திற் குடியேறியது.

ஆங்கு ஓர் இடர் எழுந்தது. உலாவியில் நேரும் வழு ஒருவரைத் தடுக்கும். சேவையகத்தில் நேரும் வழு, நாடி வரும் அனைவரையும் தடுத்தல் கூடும். ஆயினும் அதற்குத் திரையில்லை. உள்ளே நிகழ்வதைக் காட்டும் சாளரமும் இல்லை. ஆதலின் பலர் பழைய ஊகமுறைக்கே மீண்டனர்.

இவ்விடர் தீர வழி அருகிலேயே இருந்தது. உலாவியிலும் சேவையகத்திலும் இயங்குவது ஒரே பொறியன்றோ? 2016ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த நோட் 6.3ஆம் பதிப்பு, குரோம் உலாவியின் ஆய்வுக்கருவியைச் சேவையக நிரலோடு நேரே இணைக்க வகை செய்தது. நிரலாளர் தம் மேசையிலிருந்தே அதனை நிறுத்தி, படிப்படியாக நடத்தி, வழுவைக் காணலாயினர்.

எனினும் எச்சரிக்கை ஒன்று உண்டு. இவ்விணைப்புக்குரிய 9229ஆம் வாயில், இயல்பாக அக்கணினிக்குள்ளிருந்து வருவோர்க்கே திறக்கும். அதனை வெளியுலகிற்குத் திறந்துவிடின், அறியாத ஒருவனும் உட்புகுந்து தான் விரும்பிய கட்டளையை இயக்குவான். வழுவைக் காணத் திறந்த கதவே பெருங்கேட்டிற்கு வழியாகலாம். காணும் வேலை முடிந்ததும் கதவை அடைத்தலும் அறிவுடையார் கடனேயாகும்.