சம்பளமா, உபகாரமா?

காற்பந்து என்றதும் நம் தோட்டத்துத் திடலும், காலால் உதைக்கும் பந்தும் நினைவுக்கு வரும். அமெரிக்கர் காற்பந்து என்பது வேறு ஆட்டம். நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, மோதித் தள்ளிக்கொண்டு ஓடுவர். கல்லூரிக் குழுக்களின் ஆட்டத்தைக் காணப் பல்லாயிரவர் கூடுகின்றனர். பெரிய கல்லூரிகளுக்கு நல்ல வருமானம். ஆடும் மாணவருக்கு உபகாரச் சம்பளம். பெயரிலேயே சம்பளம் இருக்கிறது. ஆனால் அது கூலியா, உதவியா?

அங்குள்ள தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், ஆட்டத் திறமையை மட்டும் கருதி உபகாரச் சம்பளம் வழங்கலாம் என 1956-இல் அனுமதித்தது. அதற்கு முந்திய ஆண்டு, கொலராடோ மாநிலத்தில் கல்லூரிக்காக ஆடிய ஒருவர் அடிபட்டு இறந்துபோனார். அவர் மனைவி நட்டஈடு கேட்டார். நட்டஈடு என்றால் என்னவென்று நம் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. கல்லூரி காற்பந்துத் தொழில் நடத்தவில்லை என்று கூறி, மாநில உச்ச நீதிமன்றம் 1957-இல் மறுத்துவிட்டது. சங்கமும் ‘மாணவ வீரர்’ என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டது. ஆட்டக்காரரைத் தொழிலாளர் என்று கருதிவிடக் கூடாது என்பதற்காகவே அச்சொல் உருவானதாகச் சங்கத்தின் முன்னாள் நிர்வாகத் தலைவர் வால்டர் பயர்ஸ் 1995-இல் எழுதிய நூலில் ஒப்புக்கொண்டார்.

அதுவரை நான்கு ஆண்டுகளுக்கு வழங்கக்கூடியதாக இருந்த உபகாரச் சம்பளத்தை, 1973-இல் ஓராண்டு ஒப்பந்தமாகச் சுருக்கினார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காகிதத்தில் கையொப்பம் கல்லூரியினுடையது. ஆனால் யாருக்குப் புதுப்பிப்பது என்பதில் பயிற்றுநர் சொல்லே பெரும்பாலும் எடுபட்டது. நன்றாக ஆடாதவன், காயம்பட்டவன், பயிற்றுநர் மாறியபின் புதியவருக்குப் பிடிக்காதவன், இவர்களின் படிப்பு அந்தரத்தில் தொங்கியது.

அதே 1973-இல் ஒரு குழுவுக்கு 105 உபகாரச் சம்பளம் என வரம்பு வந்தது. 1978-இல் அது 95 ஆயிற்று, 1990-களில் 85. இனிப் பயிற்றுநர் கணக்கரைப் போல் தலை எண்ண வேண்டும். சிலர் காலி இடத்திற்கு மேல் ஆள் சேர்த்துவிட்டு, பருவம் தொடங்குமுன் பழையவர் சிலரை வேறு கல்லூரிக்குப் போகும்படி சொன்னார்கள். உடல்நிலையால் இனி ஆட முடியாதென மருத்துவர் சான்றளித்தவர் அந்த 85-இல் சேரமாட்டார். அவருக்குப் படிப்புச் செலவு தொடரும், இடமோ காலியாகும். நல்ல ஏற்பாடுதான், நேர்மையாக நடந்தால்!

பல ஆண்டு ஒப்பந்தம் 2012-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. திறமை குறைந்தது என்று சொல்லி உபகாரச் சம்பளத்தை நிறுத்தக் கூடாதென்று பெரும் செல்வாக்குள்ள ஐந்து கல்லூரிக் கூட்டமைப்புகள் 2015-இல் தீர்மானித்தன. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, அதில் இணைந்த கல்லூரிகளுக்கு 85 என்ற வரம்பு நீங்கியது. குழுவில் 105 பேர்வரை வைத்து, அனைவருக்குமே உபகாரச் சம்பளம் தரலாம். கல்லூரியே அவர்களுக்கு நேரடியாகப் பணமும் கொடுக்கலாம்.