பாறைக்கும் சிகாகோவுக்கும் நடுவே

குமரிமுனைப் படகுத்துறை வரிசையில் நிற்கும்போது யாராவது யாருக்காவது விவேகானந்தர் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பாறையில் தவமிருந்தார், சிகாகோ சென்றார், உலகம் கைதட்டியது. நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளான நாங்களும் அப்படியே கேட்டு வளர்ந்தோம். 1892 டிசம்பர் இறுதிக்கும் 1893 செப்டம்பர் 11க்கும் நடுவே எட்டரை மாதங்கள் கிடக்கின்றன என்பது வெகுகாலம் கழித்தே உறைத்தது.

அவர் பம்பாயில் கப்பலேறியது 1893 மே 31. நம் கணக்கில் வைகாசி, இளவேனிலின் கடைசி. ஜூன் பிறந்தால் எங்கள் கடலின் முகம் மாறிவிடும். குளச்சல் பக்கம் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை இன்றும் ஜூன் 1 அன்றே தொடங்குகிறது. நீராவிக் கப்பலுக்கு அந்தக் கணக்கு அத்தனை பெரிதல்ல. சர்வசமய மாநாடு செப்டம்பரில்தான் என்பதும், பேராளராகச் சேர அத்தாட்சிக் கடிதம் வேண்டும் என்பதும் ஜூலை இறுதியில் சிகாகோவை அடைந்த பிறகே அவருக்குத் தெரியவந்தன. முன்கூட்டியே புறப்பட்டது பிழையென்று அன்று தோன்றியிருக்கலாம். அந்தப் பிழைதான் பேறாயிற்று என்பது என் எண்ணம்.

வழியெல்லாம் அவருக்குப் பள்ளிக்கூடம். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், காண்டன். பிறகு நாகசாகி, கோபே, ஒசாகா, கியோட்டோ, டோக்கியோ. ஜூலை 10 அன்று யோகோஹாமாவிலிருந்து சென்னை நண்பர்களுக்கு எழுதிய கடிதம் அந்தப் பயணத்தின் சாரம். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு படகு வலிக்கும் சீனத்துப் பெண்ணைக் காண்கிறார். ஜப்பானியத் தீப்பெட்டித் தொழிற்சாலையை வியக்கிறார். கோயில்களில் பழைய வங்க எழுத்தில் சமஸ்கிருத மந்திரங்களைப் பார்த்து நிற்கிறார். பிறகு குரல் மாறுகிறது. கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று அஞ்சிக் கிடப்பவர்களை ஈவிரக்கமின்றிச் சாடுகிறார். ஆண்டுதோறும் நம் இளைஞர் பலர் ஜப்பானையும் சீனாவையும் சென்று காணவேண்டும் என்கிறார். அவர் வழிபட்ட குமரியம்மன் கோயில் அன்று திருவிதாங்கூர் அரசின் கீழிருந்தது. அதன் கதவு எல்லாச் சாதியாருக்கும் திறக்க 1936 ஆகவேண்டியிருந்தது.

குளிருக்கான உடை அவரிடம் இல்லை. சென்னை வெயிலில் வீடுவீடாகப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாளுக்கும் நண்பர்களுக்கும் கம்பளியின் நினைவு எப்படி வரும்? கையிருப்பு கரைய, செலவு குறைவென்று பாஸ்டன் பக்கம் போனார். ரயிலில் அறிமுகமான கேட் சான்பார்ன் என்ற எழுத்தாளரின் பண்ணைவீட்டில் தங்கினார். ஆகஸ்டு இறுதியில் ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்டைச் சந்தித்தார். அவர் எழுதித் தந்த கடிதமே மாநாட்டுக் கதவைத் திறந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் நேராக வந்து இறங்கியிருந்தால் பார்வையாளர் வரிசையில் ஓர் இடம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

பாறையில் நடந்ததற்கு அவருடைய சொந்தச் சாட்சியமும் கடலுக்கு அப்பாலிருந்துதான் வந்தது. 1894 மார்ச் 19 அன்று சிகாகோவிலிருந்து சக துறவி ஒருவருக்கு எழுதிய கடிதம் அது. குமரியில், இந்தியாவின் கடைசிப் பாறைமீது அமர்ந்து ஒரு திட்டம் கண்டதாக எழுதுகிறார். சிகாகோ மேடை அதில் இல்லை. ஊர் ஊராகச் சென்று, ஏழைகளுக்கு வாய்மொழியாகப் பாடம் சொல்லும் துறவிகள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் நிலப்படம், புகைப்படக் கருவி, ஓர் உலக உருண்டை.