காவலூர்க் கண்ணாடியும் காற்றுக் கசிவும்

ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூர் வானாய்வகத்தின் வரலாற்றைத் தொலைநோக்கிகளின் பட்டியலாகவே எழுதி வருகிறோம்: 1968இல் 38 செ.மீ., 1972இல் ஒரு மீட்டர், 1986இல் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர். ஆனால் விண்மீன் ஒளியைத் திருப்பி அனுப்புவது கண்ணாடி அல்ல, அதன்மேல் படிந்த அலுமினியம். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனமே உள்ள அந்தப் பூச்சு, காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள்தான் படியும். உள்ளே அழுத்தம், வெளியே இருப்பதில் சுமார் பத்துக் கோடியில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். ரப்பர் வளையத்தில் மயிரிழைக் கீறல் இருந்தால் போதும், நுழையும் ஆக்சிஜனும் ஈரமும் பூச்சை மங்கடித்துவிடும். பட்டறைக் கம்ப்ரசரில் காற்று வெளியேறுவதால் சோப்பு நுரையே கசிவைக் காட்டிக்கொடுக்கும். வெற்றிடக் கலத்திலோ காற்று உள்ளே போகிறது, நுரை எழாது. மூட்டுகளில் ஹீலியத்தைத் தெளித்து, அது உள்ளே நுழைகிறதா என்று கருவியால் பார்க்கும் முறை, 1940களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தின் யுரேனிய ஆலைகளுக்காக உருவானது.

வானம் தெளிந்ததாலும் அறிஞர்கள் விழித்திருந்ததாலும்தான் 1977இல் யுரேனஸின் வளையங்களைக் காவலூரும் பதிவுசெய்தது, இதில் கசிவுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மழையும் பனியும் தூசியும் பூச்சை அரித்துக்கொண்டே இருக்கின்றன. பழையதைக் கரைத்துக் கழுவி, மறுபடி பூச வேண்டியிருக்கிறது. அந்த வேலை பிசகினால், எவ்வளவு தெளிந்த இரவும் பாதி வீண். கசிவு தேடிய கைகளுக்கும் வானாய்வக வரலாற்றில் ஓர் அத்தியாயம் எழுதப்பட வேண்டும்.