சிம்ப்ளெக்ஸ் பெட்ரோல் இழுபொறி

சிம்ப்ளெக்ஸ் என்பது இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் நகரில் இயங்கிய மோட்டார் ரெயில் அண்ட் டிராம்கார் நிறுவனம் முதலாம் உலகப் போரின்போது உருவாக்கிய சிறிய பெட்ரோல் தொடருந்து இழுபொறி ஆகும். போர்முனை அகழிகளுக்குக் குண்டுகளையும் உணவையும் கொண்டு சென்ற 600 மில்லிமீட்டர் அகலப் பாதைகளுக்காக இது வடிவமைக்கப்பட்டது. நீராவி இழுபொறியின் புகை பகலிலும், நெருப்பொளி இரவிலும் எதிரியின் பீரங்கிகளுக்கு இலக்கைக் காட்டிக் கொடுத்தன. எனவே போர்முனையை அண்டிய பாதைகளில் பெட்ரோல் பொறிகளே பெரிதும் விரும்பப்பட்டன.

இவை 20, 40 குதிரைத்திறன் கொண்ட இரு வகைகளாகும். பெரிய வகை திறந்தது, ஓரளவு காப்புடையது, முழுக் கவசமிட்டது என மூன்று வடிவங்களில் வெளிவந்தது. பல்லிணைப்பெட்டி முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரே வேகங்களைத் தந்ததால் பாதையின் முடிவில் பொறியைத் திருப்ப வேண்டியதில்லை. ஓட்டுநரும் பக்கவாட்டில் அமர்ந்தார். திசை மாறினால் கழுத்தைத் திருப்பினாலே போதும்.

போருக்குப்பின் எஞ்சிய பொறிகள் கற்குழிகளுக்கும் செங்கற்சூளைகளுக்கும் விற்கப்பட்டன. மணல் ஏற்றுவதற்காக 1919 இல் திறக்கப்பட்ட லெய்டன் பசார்ட் பாதையில் முதலில் நீராவி இழுபொறிகள் ஓடின. அவை பொருந்தாது போகவே, சில ஆண்டுகளிலேயே சிம்ப்ளெக்ஸ் பொறிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பின்னாளில் பெட்ரோலின் இடத்தை டீசல் எடுத்துக்கொண்டது.